சிவப்பு நாடா சுற்றிய கத்தி

மூன்று வருடங்களுக்குப் பிறகு தன் தோட்டத்தைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று உறுதியானதும் ஆர்விட் செய்த முதல் வேலை, கடையிலிருந்து எலுமிச்சைப் பலகார மாவுப் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்து, அதன் முதுகில் அச்சடித்திருந்த செய்முறையை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தது. எழுபத்து நான்கு வயதில் அவர் செய்த முதல் பலகாரம். ஓரம் கருகிவிட்டது. கருகியதை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைத் தட்டில் அடுக்கினார். மனைவி மேவிஸ் இருந்திருந்தால் அந்த ஓரத்தை நின்றபடியே தின்று தீர்த்திருப்பாள். அவள் இல்லாததால் அவரே தின்றார்.

வருகிறவர்கள் டுலூத் பக்கத்து, ஹோஸ்டா என்ற நிழல்செடி வளர்க்கும் சங்கத்தார். உள்ளூர்ச் சங்கமும் ஜூன் மாதம் தோட்ட உலா நடத்தத்தான் செய்கிறது. ஆனால் மேவிஸ் போன பிறகு அந்தப் பட்டியலில் ஆர்விட்டின் வீடு ஒருமுறைகூட வரவில்லை. கேட்டால், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், நீங்கள் எதற்குச் சிரமப்பட வேண்டும் என்பார்கள். மின்னசோட்டாக்காரர்களுக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. சொல்ல வேண்டியதை விழுங்கிவிட்டு, கையில் ஒரு காபியைக் கொடுத்து, பனி எப்போது உருகும் என்று பேச்சை மாற்றுவார்கள். ஆர்விட்டும் அதே ஊர் மண்தான். அதனால் அவரும் கேட்பதை நிறுத்திக்கொண்டார். செய்தி மடலில் டுலூத்காரர்களின் அறிவிப்பைப் பார்த்து, அக்கம்பக்கத்தில் யாருக்கும் சொல்லாமல் போன் போட்டார்.

தோட்டம் மேவிஸ் போட்டது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு கிழட்டு மேப்பிள் மரங்கள். வெயில் தரையைத் தொடாது, புல்கூட ஒழுங்காக முளைக்காது. அந்த நிழலில் நாற்பது வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்து நூற்றுப் பன்னிரண்டு வகை ஹோஸ்டா வைத்திருந்தாள். அது பூவுக்காக வளர்க்கிற செடி இல்லை, இலைதான் எல்லாம். சாம்பல் பூத்த நீல இலை, வெள்ளை விளிம்பு கட்டிய இலை, எலிக்காது அளவு இலை, மழைக்கு ஒதுங்கும் அளவு இலை. ஒவ்வொன்றின் காலடியிலும் அவள் கையெழுத்தில் ஒரு பெயர்ப்பட்டை. இதில் ஆர்விட்டின் பங்கு குழி தோண்டுவது. கவுண்ட்டி நிர்வாகத்தின் பனி வாரும் வண்டிகளை முப்பத்தெட்டு வருடம் பழுது பார்த்த மனிதர் அவர். எங்கே, எவ்வளவு ஆழம் என்ற இரண்டு கேள்விக்கு மேல் அந்தச் செடிகளைப் பற்றி அவர் மூன்றாவது கேள்வி கேட்டதில்லை.

ஒரே ஒரு செடியைத் தவிர. மேவிஸின் கடைசிக் கோடையில், மண்வாரியோடு அவள் ஒரு தூரின் பக்கம் நின்றிருந்தாள். தங்க நிற இலைகள். நரம்புகளின் ஓரமாகப் பச்சை கசிந்து, ஒற்றுத்தாளில் மை ஊறினதுபோலத் திட்டுத்திட்டாகப் பரவியிருந்தது. அந்தப் பக்கமாகப் போன ஆர்விட் நின்றார்.

"இது நல்லா இருக்கே," என்றார்.

மேவிஸ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "உனக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சுதான் இருக்கு. ஏன், பிடிக்கக்கூடாதா?"

அவள் மண்வாரியைச் சுவரில் சாத்தினாள். அடுத்த வாரம் அந்தச் செடி ஒரு தொட்டியில், கேரேஜுக்குப் பின்னால் தன்னந்தனியாக இருந்தது. இடம் போதவில்லை போலிருக்கிறது என்று ஆர்விட் நினைத்துக்கொண்டார்.

அதே கோடையில்தான் அவர்களுக்குள் கடைசிச் சண்டையும் நடந்தது. அதுவும் என்ன பெரிய சண்டை, பெயிண்ட் டப்பாக்களைப் பற்றி. கேரேஜில் அவருடைய வேலைமேசைக்கு எதிரே இருந்த ஜன்னலில் இருபது வருடமாக அடுக்கியிருந்த டப்பாக்களை அவள் எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்திருந்தாள். என் இடத்தில் உனக்கு என்ன வேலை என்று ஆர்விட் கத்தினார். எல்லா டப்பாவையும் பழையபடி ஜன்னலில் அடுக்கினார். மேவிஸ் துடைத்த துணியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்கு நெஞ்சு அடைத்தது. இரண்டு பேரும் சேர்ந்து வாழ்ந்த நாற்பத்தேழு வருடத்தில் அவர் நினைத்து நினைத்து வெட்கப்படுவது அந்த டப்பாக்களுக்காகத்தான்.

சவ அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு அவள் நினைவாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கேரேஜுக்குப் பின்னால் ஆதரவில்லாமல் கிடந்த தொட்டிதான் கண்ணில் பட்டது. அவளுடைய கருவி வாளியில் மூன்று கத்திகள் இருந்தன. ஒன்றின் பிடியில் மட்டும் சிவப்பு நாடா சுற்றியிருந்தது. ஆர்விட்டுக்கு உடனே புரிந்துவிட்டது. பட்டறையில் அவர் தன்னுடைய உயர்ந்த ஸ்பேனர்களுக்குத்தான் சிவப்பு நாடா சுற்றி வைப்பார், மற்றவன் கை வைக்கக்கூடாது என்று. ஆக, இதுதான் மேவிஸின் நல்ல கத்தி. அதை வைத்துத் தூரைப் பதினைந்தாகப் பிரித்தார். பதினான்கை ஐஸ்கிரீம் வாளிகளில் நட்டு, சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபியும் ஹாம் ரொட்டியும் சாப்பிட்டவர்கள் கையில் கொடுத்தார். ஆளுக்கொரு வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். பதினைந்தாவதை மேப்பிள் நிழலில், தோட்டத்தின் நட்டநடுவில், மற்ற செடிகளோடு செடியாக வைத்தார். தனியாகக் கிடந்தது போதும் என்று.

அதன்பிறகு வந்த மூன்று வசந்தத்திலும், குருத்துகள் மண்ணைக் கீறிக்கொண்டு வரும் நேரத்தில், அவளுடைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத் தூர்களைப் பிரித்தார். எல்லாவற்றுக்கும் அதே சிவப்பு நாடாக் கத்தி. பிரித்தவற்றைச் சங்கத்தின் மே மாத விற்பனைக்குக் கொண்டுபோவார். ஒரு மணி நேரத்தில் அத்தனையும் போய்விடும். வேறு யார் செடிக்கும் அந்தக் கிராக்கி இல்லை. அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தே அவர் குளிர்காலத்தைத் தள்ளினார்.

டுலூத்காரர்கள் பதினோரு பேர், இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். சிரித்துக்கொண்டேதான் கேட்டைத் திறந்தார்கள். மேப்பிள் நிழலுக்குள் பத்தடி வைத்ததும் பேச்சு நின்றது. ஒருவர் முழங்கையை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். பிறகு பலகாரத்தைப் புகழ்ந்தார்கள். மழைநீர்க் குழாயைப் புகழ்ந்தார்கள். தபால் பெட்டிக்கு அடித்த பெயிண்டைக்கூட ஒரு பெண்மணி புகழ்ந்தாள். செடியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. போகும்போது சரளைக்கல்லில் செருப்பைத் தேய் தேய் என்று தேய்த்துவிட்டு வேனில் ஏறினார்கள்.

நார்பர்ட் என்கிற ஒருவர் மட்டும் ஏறவில்லை. ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியர். கெட்ட செய்தியைக் கொட்டில் வாசலில் நின்று சொல்லிச் சொல்லிப் பழகிய மனிதர். நட்டநடுச் செடியின் முன் குந்தி உட்கார்ந்து, ஒரு இலைத் துணுக்கைக் கிள்ளி, பையிலிருந்து எடுத்த சின்னத் திரவப் பைக்குள் போட்டு நசுக்கி, ஒரு சோதனைக் காகிதப் பட்டையை அதில் நனைத்தார். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கோடு எழும்பியது.

"ஆர்விட், இது ஒரு ரகம் இல்லீங்க. வியாதி," என்றார் நார்பர்ட். "வைரஸ். இந்தப் பச்சைக் கசிவுதான் அதோட முகம். அழகா இருக்குன்னு ஒரு காலத்துல கடைக்காரங்களே இதுக்குப் பேரு வச்சு வித்திருக்காங்க. உங்களை யாரும் குத்தம் சொல்ல முடியாது."

மருந்து உண்டா என்று ஆர்விட் கேட்டார். கிடையாது. கத்தியில் ஒட்டின சாறு வழியாகச் செடிக்குச் செடி போகும். சில செடி இரண்டு மூன்று வருடம் ஒன்றுமே காட்டாமல் உள்ளே வைத்திருக்கும். ஹோஸ்டாவைத் தவிர வேறு எதையும் அது சீண்டாது. நார்பர்ட் இன்னும் ஏழெட்டுப் பட்டைகளை நனைத்துப் பார்த்தார். ஆறு செடியில் இரண்டு கோடு. எந்தக் கத்தியால் பிரித்தீர்கள் என்று கேட்டதற்கு, ஆர்விட் சிவப்பு நாடாக் கத்தியைக் கொண்டுவந்து காட்டினார். ஒரே கத்தியாலா, இடையில் கழுவவே இல்லையா என்றார். இல்லை. நார்பர்ட் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். அத்தனையையும் வேரோடு எடுத்து மூட்டை கட்டிக் குப்பைக்கு அனுப்ப வேண்டும், யார் யாருக்குக் கொடுத்தீர்களோ அவர்களிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் செய்ய முடியும் என்றார். போகிறபோது ஒரு பலகாரத்தை எடுத்துக் கடித்து, மென்றுகொண்டே கையைக் குலுக்கினார்.

அன்று பூராவும் ஆர்விட்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தோட்டம் போவதுகூட இரண்டாம்பட்சமாகத் தோன்றியது. ஊரில் பதினான்கு வீட்டில் அந்தச் செடி இருக்கிறது. பதினான்கு வீட்டுத் தோட்டமும் பட்டுப்போனால், மேவிஸ் கொடுத்த செடியால் வந்தது என்றுதான் பேசுவார்கள். ஈரக் காகிதத்தில் சுற்றி, தண்ணீர் விடும் முறையை எழுதி, ஆயுள் முழுக்க அடுத்தவர் தோட்டத்துக்குச் செடி கொடுத்தவளுக்கு அந்தப் பெயரா? அவள் பெயருக்கு ஒரு கறை வரக்கூடாது. மறுநாள் காலை பதினான்கு கறுப்புப் பைகளையும் மண்வாரியையும் வண்டியில் போட்டுக்கொண்டு, சவ அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு நன்றிக் கடிதம் அனுப்பிய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

முதலில் கிளாரிஸ் வீடு. விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் சிவந்தது. "ஐயோ ஆர்விட், அதை மான் தின்னுடுச்சே. உங்ககிட்டச் சொல்லவே சங்கடமா இருந்தது," என்றாள். காபி கொடுத்தாள். எல்டன் வீட்டில் பனி வாரும் வண்டி ஏறி நசுக்கிவிட்டதாம். அடுத்த வீட்டில் நத்தை. அதற்கடுத்த வீட்டில் மறுபடி மான். அதற்கடுத்து, அந்த வருடக் குளிர் தாங்கவில்லை என்றார்கள். எல்லா வீட்டிலும் காபி. எல்லா வீட்டிலும் ஐயோ பாவம் என்ற முகம். மண்வாரியை வண்டியிலிருந்து எடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஏழாவது வீட்டிலிருந்து திரும்பும்போது ஆர்விட் வண்டியை ஓரமாக நிறுத்தினார். மனதில் ஏதோ இடித்தது. கிளாரிஸின் வாசலில் இருபது ஹோஸ்டா கொழுகொழுவென்று நிற்கிறது, ஒரு இலையில்கூட மான் பல் படவில்லை. எல்டனின் ஹோஸ்டா பாத்தி சுவரோரம் இருப்பதை அவரே பார்த்திருக்கிறார். எந்த வண்டி சுவர் ஏறும்? பதினான்கு வண்டி ஒரே மாதிரி நின்றுபோனால் அது தற்செயல் இல்லை, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்பது பட்டறையில் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொள்கிற பாடம். மீதி வீடுகளுக்கும் போனார். பதின்மூன்றாவது வீட்டிலும் மான்தான். வண்டியைத் திருப்பி, பட்டியலின் கடைசிப் பெயருக்கு வந்தார். லவோன், பக்கத்து வீடு. வேலிக்கு அந்தப் பக்கம் முப்பது வருடம். மேவிஸின் உயிர்த்தோழி, சங்கத்தின் செயலாளர். எல்லாருக்கும் முன்னால் அவளிடம்தான் சொல்லியிருக்க வேண்டும்; மேவிஸைப் பற்றி அவள் தப்பாக நினைத்துவிடுவாளோ என்ற பயத்தில் கடைசிக்குத் தள்ளியிருந்தார்.

லவோன் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"மான் கதை மட்டும் சொல்லாதீங்க லவோன்," என்றார் ஆர்விட். "இன்னிக்கு அஞ்சு மான் கேட்டாச்சு."

லவோன் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"நான் சர்ச்சுலேர்ந்து நேரா குப்பைக் கிடங்குக்குத்தான் போனேன்," என்றாள். "எல்லாரும் அதையேதான் செஞ்சாங்க. நான்தான் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுச் சொன்னேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மேவிஸ் சொன்னா. அவளுக்குத் தெரியும் ஆர்விட். அன்னிக்கு அதைத் தோண்டித் தூரப் போடத்தான் மண்வாரியோட நின்னா. நீங்க வந்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டீங்க." லவோன் படியைக் கையால் தட்டினாள். "இங்க வந்து இதே படியில உக்காந்து சிரிச்சா. நாப்பது வருஷத்துல இந்த மனுஷன் ஒரு செடியைத் திரும்பிப் பாத்திருக்கான், அதுவும் சீக்கு வந்த செடியை, நான் எப்படிடி தூக்கிப் போடுவேன்னா. அதான் தொட்டியில தனியா வச்சா. அதுக்குன்னு ஒரு கத்தியைத் தனியா ஒதுக்கினா, தப்பித் தவறிக்கூட மத்த செடியில படக்கூடாதுன்னு."

"சிவப்பு நாடா," என்றார் ஆர்விட்.

"ஆமா. உங்களுக்கு எப்படி..." என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

ஆர்விட் படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மே மாத விற்பனை என்ன ஆயிற்று என்று கேட்டார். தூரை நட்டநடுவில் அவர் வைத்ததை வேலிக்கு மேலே பார்த்ததிலிருந்து பயம்தான் என்றாள் லவோன். அதனால் அவர் கொண்டுவந்ததை வெளியாள் கை வைக்கும் முன் சங்கத்துப் பெண்களே வாங்கிவிடுவார்கள். வாங்கி, அப்படியே கிடங்குக்கு. அந்த ஒரு மணி நேரக் கிராக்கியின் கதை அதுதான்.

"மூணு வருஷம்," என்றார் ஆர்விட். "ஊர்ல ஒரு வாய்கூடவா இல்ல?"

"முதல் மாசமே சொல்லணும்னுதான் இருந்தேன். பனி வந்துடுச்சு. வசந்தத்துல பாத்தா, விடிஞ்சதும் நோட்டும் கையுமா தோட்டத்துல நிக்கிறீங்க. அதுக்கு முன்னாடி ஆறு மாசம் உங்க வீட்டு ஜன்னல் திரையே திறக்கல. நான் என்னன்னு வந்து சொல்வேன்?"

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அவரால் முடியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அவர்மேல் இரக்கப்பட்டு ஊரே சேர்ந்து அவரைத் தனியாக விட்டிருக்கிறது. திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் அகப்படவில்லை. காபி குடிக்கிறீர்களா என்று லவோன் கேட்டாள். வேண்டாம் என்றார் ஆர்விட். அவள் இரண்டாம் முறை கேட்டாள், மூன்றாம் முறையும் கேட்டாள். மூன்று முறை மறுத்துவிட்டு நான்காவதற்கு உட்காருவதுதான் அங்கே வழக்கம். ஆர்விட் நான்காவதற்கு நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

தோண்டி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. எது எதற்குத் தொற்றியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருக்க அவருக்குத் தெம்பில்லை. அவர் கத்தி படாத தூர் என்று ஒன்றுகூட இல்லை. மேவிஸைக் காப்பாற்றத்தான் கிளம்பினார். அவள் பெயரில் ஒரு கறையும் இல்லை. அவள் எட்ட வைத்ததைக் கிட்டக் கொண்டுவந்ததும், ஒதுக்கி வைத்த கத்தியை உயர்ந்த கத்தி என்று எடுத்ததும் அவர்தான். பெயர்ப்பட்டைகளை மட்டும் பிடுங்கி, கழுவி, ஒரு ஷூ பெட்டியில் வைத்தார். மூன்றாம் நாள் வாசலில் மூடிபோட்ட கண்ணாடிப் பாத்திரத்தில் சூடாக உருளைக்கிழங்கும் இறைச்சியும் இருந்தது. ஐந்தாம் நாள் இன்னொரு பாத்திரம். யார் வைத்தது என்று சீட்டு இல்லை, யாரும் கதவைத் தட்டவும் இல்லை. தெருவில் போகிற கார்கள் அவர் வீட்டருகே மட்டும் வேகம் குறைத்துப் போயின.

கடைசியில் மேப்பிள் நிழலில் நூற்றுப் பதினொரு குழியும், நடுவில் அந்த ஒரு செடியும் மிஞ்சின. வியாதியைத் தோட்டமெல்லாம் பரப்பின செடி, எல்லாவற்றையும்விடத் தளதளவென்று நின்றது. ஆர்விட் நார்பர்ட்டுக்குப் போன் போட்டார். மற்றதெல்லாம் போய்விட்டது, இனி இந்த ஒன்று இருந்தால் யாருக்கு என்ன கெடுதல் என்று கேட்டார்.

"பக்கத்துல வேற ஹோஸ்டா இல்லன்னா, யாருக்கும் ஒண்ணும் இல்ல," என்றார் நார்பர்ட். "தனியாவே இருக்கட்டும்."

பழைய தொட்டி கேரேஜ் மூலையிலேயே கிடந்தது. செடியைப் பெயர்த்து அதில் வைத்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கேரேஜுக்குப் பின்னால் போனார். சிமெண்ட் தளத்தில் முன்பு தொட்டி இருந்த இடம் வட்டமாக வெளுத்துக் கிடந்தது. அந்த வட்டத்தின்மேல் சரியாக வைத்தார். இத்தனை இடம் இருக்க, கதவிலிருந்தும் பார்க்க முடியாத, சமையலறையிலிருந்தும் தெரியாத இந்த இடத்தில் எதற்காக வைத்தாள் என்று அப்போதுதான் யோசித்தார்.

மண்வாரியை மாட்டுவதற்காக உள்ளே வந்தவர், வேலைமேசைக்கு முன்னால் நின்றார். எதிரே பெயிண்ட் டப்பாக்கள், அன்று கத்திக்கொண்டே அவர் அடுக்கினபடி, மூன்று வருடத் தூசியோடு இருந்தன. ஒன்றை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு இன்னொன்றை. பதினாறு டப்பா. கண்ணாடியில் சட்டைக் கையால் ஒரு துடைப்புத் துடைத்தார்.

ஜன்னலுக்கு வெளியே, கண்ணாடியின் சரியான நடுவில் செடி தெரிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தால் தலையை இப்படி அப்படித் திருப்பவே வேண்டாம். மாலை நிழலில் தங்க இலையும் அதில் ஊறின பச்சையும் நரம்பு நரம்பாகத் தெரிந்தது.

ஆர்விட் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கு மேவிஸ்," என்றார். கேட்கத்தான் யாரும் இல்லை.